ஆப்பிளுக்கு அடியில் ஒரு மரம்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலையேறும் பாதை காவலூரைத் தொட்டுக்கொண்டு ஜமுனாமரத்தூர் செல்கிறது. காவலூரில் நாட்டின் பெரிய தொலைநோக்கிகளுள் ஒன்று இருக்கிறது. வானைப் பார்க்கப் போனவர்கள்தாம் நாங்கள். மறுநாள் காலை ஜமுனாமரத்தூர்த் தேநீர்க்கடையில் எங்களை மடக்கிய கேள்வியோ மண்ணைப் பற்றியதாக இருந்தது.

கேட்டவர் அந்த மலையின் மூத்த விவசாயி ஒருவர். கையில் வண்ணத் துண்டறிக்கை. கன்று விற்க வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செக்கச் சிவந்த பழங்கள் காய்த்துத் தொங்கும் மரத்தின் படம், கீழே கன்றொன்றின் விலை. "ஆப்பிளு இந்த மலைக்கு ஒத்து வருங்களா?" என்றார். படித்தவர்கள் சொல்லும் பதிலைச் சொன்னோம்: "அதற்குக் குளிர் போதாதுங்க ஐயா." அவர் சிரித்துவிட்டார். "மார்கழி தையில இங்க வந்து ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க, குளிர் போதாதுன்னு."

நியாயமான பதில். ஒரு மனிதருக்குப் போதும் போதும் என்றிருக்கும் குளிர் ஒரு மரத்துக்கு ஏன் போதாமல் போகிறது? கடுங்குளிர் நாடுகளில் அதே மரம் குளிரால் செத்துப்போவது எப்படி? அன்று எங்களிடம் விளக்கம் இல்லை. ஊர் திரும்பிப் புத்தகங்களைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்தத் துண்டறிக்கையில் பழத்தின் படம் இருந்தது, பழத்தின் பெயர் இருந்தது. பழத்துக்கு அடியில் மண்ணுக்குள் நிற்கப்போகும் மரம் எது என்பது மட்டும் இல்லை. ஆப்பிளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, எழுதப்பட வேண்டிய முதல் வரி அதுதான் என்று தோன்றியது. இக்கட்டுரையை அவருக்குத் தாமதமாகச் சொல்லும் பதில் என்று கொள்ளலாம்.

*

தமிழ் வாசகர்களாகிய நம்மில் பலருக்கு ஆப்பிள் கடையில் அறிமுகமாவதற்கு முன்பே புத்தகத்தில் அறிமுகமாகிவிட்டது. மலிவு விலையில் கிடைத்த சோவியத் நூல்களின் வழியே பனியும் பிர்ச்சு மரமும் வந்ததுபோல ஆப்பிள் தோட்டமும் வந்தது. இவான் பூனின் 1900ஆம் ஆண்டில் எழுதிய சிறுகதை ஒன்றின் தலைப்பே 'அந்தோனொவ் ஆப்பிள்கள்'. சிதைந்துகொண்டிருந்த நிலவுடைமைக் குடும்பங்களின் இலையுதிர்காலத்தை, பறித்துக் குவித்த ஆப்பிளின் வாசனை வழியாக நினைவுகூரும் கதை அது. பின்னாளில் நாடு துறந்து பாரிசில் வாழ்ந்து, 1933இல் நோபல் பரிசு பெற்றவர் பூனின்.

இலக்கிய வாசகருக்கு அந்தோனொவ்கா ஒரு வாசனை. தோட்டக்கலை அறிந்தவர்களுக்கு அது ஒரு வேர். ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதியோடு தொடர்புபடுத்தப்படும் இந்தப் புளிப்பு ஆப்பிளின் விதையிலிருந்து முளைத்த செடிகளின்மேல்தான் உலகின் மிகக் குளிரான பகுதிகள் பலவற்றில் பிற ஆப்பிள் ரகங்கள் ஒட்டுக்கட்டப்படுகின்றன. கனடாவிலும் அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் கடுங்குளிரைத் தாங்கும் கன்று வேண்டும் என்போர் அடியில் இருப்பது அந்தோனொவ்காவா என்று கேட்டு வாங்குவதுண்டு. பூனின் கதையில் வரும் மரத்தின் வாரிசுகள், வேறொரு மரத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே, மண்ணுக்குள் இருக்கின்றன.

ஏன் இப்படி இரண்டு மரம்? ஆப்பிள் விதை தாயைப் போலப் பிள்ளை தருவதில்லை. ஒரு மரத்தின் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்காது, வேற்று மரத்து மகரந்தத்தை நாடும். ஆகவே ஒரு பழத்துக்குள் ஐந்து விதைகள் இருந்தால் ஐந்தும் ஐந்து குணம். இனிப்பான பழத்தின் விதையை ஊன்றினால் பெரும்பாலும் வருவது வாயில் வைக்க முடியாத புளிப்போ துவர்ப்போதான். நல்ல மரம் ஒன்று தற்செயலாகப் பிறந்துவிட்டால் அதைக் காப்பாற்ற ஒரே வழி, அதன் குச்சியை வெட்டி வேறொரு வேரின்மேல் ஒட்டுவது. மேலே நிற்பதை ஒட்டுக்குச்சி என்றும் கீழே இருப்பதை வேர்ச்செடி என்றும் சொல்கிறோம். ஒட்டுமாங்காய் தின்று வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலேயே மர வைத்தியம் பேசும் அத்தியாயத்தில், பலா, நாவல், மாதுளை போன்றவற்றின் கிளையைச் சாணம் பூசி நடுவது பற்றியும், ஒரு மரத்தின் குச்சியை இன்னொன்றின் வேரிலோ தண்டிலோ பொருத்துவது பற்றியும் குறிப்புகள் உள்ளன.

ஒட்டுக்கட்டிய மரத்தில் பழத்தின் சுவையையும் நிறத்தையும் மேலே இருப்பது தீர்மானிக்கிறது. மரம் எத்தனை அடி உயரும், எத்தனையாவது ஆண்டில் காய்க்கும், ஈரமண்ணைத் தாங்குமா, எந்தப் பூச்சிக்கு ஈடுகொடுக்கும் என்பவற்றில் பெரும்பங்கைக் கீழே இருப்பது தீர்மானிக்கிறது. புகழ் மேலே போய்விடுகிறது, பொறுப்பு கீழே தங்கிவிடுகிறது.

*

கடுங்குளிர் ஒரு மரத்தை எப்படிக் கொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். இலையுதிர்காலத்தில் பகல் குறையக் குறைய ஆப்பிள் மரம் தன்னை ஒடுக்கிக்கொள்கிறது. இலை உதிர்ந்து, மொட்டு மூடி, திசுக்களில் நீர் குறைந்து சர்க்கரை செறிகிறது. இப்படி முழுமையாக ஒடுங்கிய வடநாட்டு ரகமொன்றின் கிளை உறைநிலைக்குக் கீழே 40 டிகிரி வரைகூடத் தாங்கும். வேருக்கு அந்த வலிமை கிடையாது. மண்ணுக்குள் இருப்பதால் அதற்கு அவ்வளவு குளிர் பழக்கமும் இல்லை. பல வேர்ச்செடிகளின் வேர் உறைநிலைக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரியிலேயே இறந்துவிடும். காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் மண்மேல் பனி கம்பளியாகப் படிந்திருக்கும்வரை வேருக்கு ஆபத்தில்லை. ஆபத்து, பனி விழாமல் குளிர் மட்டும் இறங்கும் ஆண்டில் வருகிறது. அடுத்த வசந்தத்தில் மொட்டு வெடிக்கும், இலை தளிர்க்கும், சேமிப்பு தீர்ந்ததும் மரம் அப்படியே நின்று சாகும். மேலே ஒரு குறையும் தெரியாது. சாவு கீழே நடந்து முடிந்திருக்கும்.

ஆகவே கடுங்குளிர் நாட்டின் ஆப்பிள் வரலாறு வேரைத் தேடிய வரலாறாக அமைந்தது. ரஷ்யாவின் கஸ்லோவ் நகரில் இவான் மிச்சூரின் (1855-1935) என்ற ரயில்வே ஊழியர் தம் சொந்தத் தோட்டத்தில் தென்னாட்டுச் சுவையையும் வடநாட்டு உறுதியையும் ஒரே மரத்தில் சேர்க்கப் பல்லாண்டு உழைத்தார். தொடக்கத்தில் தென்னாட்டு ரகங்களைக் குளிர்தாங்கும் வேரில் ஒட்டினால் அவையும் குளிருக்குப் பழகிவிடும் என்று நம்பிப் பல ஆண்டுகளை இழந்தார். ஒட்டு பழக்கிவிடாது, கலப்பினமும் தேர்வும்தான் வழி என்று கண்டபின்தான் அவருடைய ரகங்கள் வந்தன. 1932இல் அவர் வாழும்போதே கஸ்லோவுக்கு மிச்சூரின்ஸ்க் என்று பெயர் சூட்டப்பட்டது.

அவர் காலத்துக்குப் பின் வந்த 1939-40 பனிக்காலம் சோவியத் நாட்டின் பழத்தோட்டங்களைப் பெருமளவில் அழித்தது. அதே மிச்சூரின்ஸ்க்கில் வலென்தின் புதகோவ்ஸ்கி என்ற ஆய்வாளர், மரம் குட்டையாகவும் இருக்கவேண்டும், வேர் குளிரையும் தாங்கவேண்டும் என்ற இலக்கோடு வேர்ச்செடிகளை உருவாக்க முனைந்தார். இங்கிலாந்தின் எம். 8 என்ற குட்டை வேர்ச்செடியையும் மிச்சூரின் உருவாக்கிய 'சிவப்புக் கொடி' என்ற ரகத்தையும் கலந்து அவர் பெற்றதுதான் இன்று உலகெங்கும் பி. 9 என்று அறியப்படும் வேர்ச்செடி. அதன் இலை செந்நிறமானது. மத்திய ஆசியாவின் செவ்விலைக் காட்டாப்பிளிலிருந்து மிச்சூரினின் ரகத்துக்கு வந்த நிறம் அது. நாற்றங்காலில் ஒட்டுக்குக் கீழே செந்நிறத் தளிர் கிளைத்தால், வேர் தன் முகத்தைக் காட்டிவிட்டது என்று அறிந்து கிள்ளிவிடுவார்கள்.

இந்த வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. மிச்சூரினின் பெயரைக் கொடியாக ஏந்திக்கொண்டுதான் லைசென்கோ மரபியலையே மறுத்தார். வேர் மேலிருப்பதன் மரபையே மாற்றிவிடும் என்பது போன்ற கூற்றுகள் அரசின் கொள்கையாயின. ஆப்பிளின் தாயகம் அல்மாட்டியைச் சூழ்ந்த தியன்ஷான் மலைச்சாரல்தான் என்று 1929இல் நேரில் கண்டு சொன்ன நிக்கொலாய் வவிலோவ் 1940இல் கைதாகி 1943இல் சரதோவ் சிறையில் உயிர்விட்டார். விதைகளைத் தேடி உலகைச் சுற்றியவர் சிறையில் ஊட்டமின்றி நலிந்து இறந்தார் என்பதை எத்தனை முறை படித்தாலும் கடந்துபோக முடிவதில்லை. அவர் சொன்னது சரி என்பதைப் பின்னாளைய மரபணு ஆய்வுகள் உறுதிசெய்தன. உலகின் தோட்ட ஆப்பிள்களுக்கு முதன்மையான மூதாதை தியன்ஷானின் காட்டாப்பிளே.

*

இனி, மறுபக்கம். குளிர் மிகுந்தால் சாகும் அதே மரம், குளிர் குறைந்தால் உறக்கத்திலிருந்து எழ மறுக்கிறது. ஒடுங்கிய மொட்டு, பனிக்காலம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்ளும்? கடந்துபோன குளிர் நேரத்தைக் கணக்குவைத்துத்தான். ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதைக் குளிர் நேரம் என்கிறார்கள். ரெட் டெலிஷியஸ் போன்ற ரகத்துக்கு இது 1000 மணிக்கு மேல் வேண்டும். கணக்கு நிறைவதற்கு முன் வெயில் வந்தால் மரம் குழம்பிவிடும். ஒரு கிளையில் பூ, ஒரு கிளையில் பழைய இலை, ஒரு கிளையில் ஒன்றுமில்லை. ஜவ்வாது மலையின் தை மாதக் குளிர் மனிதரை நடுங்கவைக்கும் என்பது உண்மை. ஆனால் அது விடியற்காலையின் சில மணி நேரக் குளிர். பகலில் வெயில் ஏறி இரவின் வரவைக் கழித்துவிடுகிறது. மரம் கேட்பது மாதக்கணக்கில் விடாமல் நீடிக்கும் குளிர். தேநீர்க்கடைப் பெரியவருக்கு அன்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தை முதலில் கற்றவை உயர்ந்த மலைகள். 1819இல் நீலகிரியின் மேட்டுநிலத்துக்கு ஏறிய கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன், அங்கே குடியமர்ந்ததும் தம் நாட்டுக் காய்கறிகளையும் கனிமரங்களையும் ஊன்றிப்பார்க்கத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த வெள்ளையர்கள் நீலகிரியிலும் பழனி மலையிலும் வீட்டைச் சுற்றி ஆப்பிள், பேரி, பிளம்ஸ் நட்டார்கள். அதில் வருமானக் கணக்கைவிட ஏக்கம் மிகுதி என்று நினைக்கிறோம். பிறந்த ஊரின் பழத்தை வந்த ஊரில் பறித்துத் தின்ன விரும்புவது மனித இயல்பு. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உதகையும் கொடைக்கானலும் அந்த ஆசைக்கு ஓரளவு இடம்கொடுத்தன. குன்னூரில் அரசின் பழவியல் நிலையமும் அமைந்தது.

குளிர்க் குறையைக்கூட ரகத் தேர்வால் ஒருவாறு சமாளித்தார்கள். வேரைத் தாக்கிய எதிரியை அப்படிச் சமாளிக்க முடியவில்லை. கம்பளி அசுவினி என்ற பூச்சி, வெண்பஞ்சு போர்த்ததுபோலக் கிளையில் மொய்க்கும். கிளையில் இருப்பதை மருந்தடித்துப் போக்கலாம். மண்ணுக்குள் வேரில் முடிச்சு முடிச்சாகப் புடைக்கவைத்து உறிஞ்சுவதை என்ன செய்வது? வேரில் ஒளிந்திருப்பவை மீண்டும் மேலேறும். கடும் பனியுள்ள நாடுகளில் மேலே இருக்கும் பூச்சிகளைப் பனிக்காலம் பெருமளவு கொன்றுவிடும். மிதமான குளிர் உள்ள இடங்களில் அந்த உதவியும் இல்லை. நம் மலைகள் ஆப்பிளுக்கு வேண்டிய குளிரைத் தராமல், ஆப்பிளின் பகைக்கு வேண்டிய இதத்தைத் தந்தன.

அமெரிக்காவில் தோன்றிய இந்தப் பூச்சி இங்கிலாந்தில் 1787 வாக்கில் தென்பட்டது. 1831இல் ஜான் லிண்ட்லி என்ற தாவரவியலாளர், விண்டர் மஜட்டின் என்ற பழைய ஆங்கில ரகத்தை மட்டும் அது அண்டுவதில்லை என்று பதிவுசெய்தார். நியூயார்க் மாநிலத்து நார்தர்ன் ஸ்பை என்ற ரகமும் அப்படியே. பூச்சியால் அவதிப்பட்ட ஆஸ்திரேலியத் தோட்டக்காரர்கள் இவ்விரண்டையும் வேராக்கிப் பிழைத்தார்கள். சுவைக்காகப் போற்றப்பட்ட ரகம் மண்ணுக்குள் காவலுக்கு இறங்கியது.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1913இல் தொடங்கிய ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம் இதை அறிவியலாக்கியது. அதுவரை ஐரோப்பிய நாற்றங்கால்களில் 'பாரடைஸ்' என்ற ஒரே பெயரில் பலவித வேர்ச்செடிகள் கலந்து விற்கப்பட்டன. வாங்கியவருக்கு எது வாய்த்தது என்பது பத்தாண்டு கழித்தே தெரியும். ரொனால்ட் ஹாட்டன் அவற்றைப் பல நாற்றங்கால்களிலிருந்து திரட்டி, வளர்த்துப் பார்த்து, பிரித்து, பெயர்களையெல்லாம் தள்ளிவிட்டு வெறும் எண்களைக் கொடுத்தார். இப்படிப் பிரித்த முதல் ஒன்பதும் 1917இல் வெளியாயின. இன்றைய நெருக்கமான ஆப்பிள் தோட்டங்கள் பலவற்றைத் தாங்கும் எம். 9 அந்த ஒன்பதில் கடைசி. பின்பு மெர்டனில் இருந்த ஜான் இன்னஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, நார்தர்ன் ஸ்பையைப் பெற்றோராகக் கொண்டு, கம்பளி அசுவினியை எதிர்க்கும் வேர்ச்செடிகள் உருவாக்கப்பட்டன. 1952இல் வெளிவந்த மாலிங்-மெர்டன் வரிசையின் எம்.எம். 106, எம்.எம். 111 ஆகியவை இன்று இமயமலைத் தோட்டக்காரர்களின் நாவில் சாதாரணமாகப் புழங்கும் சொற்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் மலைகளுக்குச் சொல்லும் வேர்ச்செடிகளும் இந்த மெர்டன் குடும்பத்தைச் சேர்ந்தவையே. வேர் கிடைத்தது. குளிர் மட்டும் கிடைக்கவில்லை. கொடைக்கானலில் ஆப்பிள் இன்றும் இருக்கிறது. அந்த மலையின் பெயரைச் சந்தையில் சுமப்பவையோ பேரியும் பிளம்சும்தாம்.

*

ஆப்பிள் உண்மையில் வேர்விட்ட இந்திய மலைகள் வடக்கே இருந்தன. குலு பள்ளத்தாக்கின் பந்த்ரோலில் கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் 1870இல் தோட்டமிட்டார். அங்கே நடப்பட்ட ஆங்கில ரகங்கள் புளிப்புக் கலந்தவை. இந்திய நாக்கு அவற்றோடு முழுதாக ஒன்றவில்லை. பிலடெல்பியாவின் செல்வக் குடும்பத்தில் பிறந்து 1904இல் தொழுநோயாளர்க்குத் தொண்டு செய்ய வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், சிம்லாவுக்கு அப்பால் கோட்கட்டில் உள்ளூர்ப் பெண்ணை மணந்து விவசாயியானார். 1916 வாக்கில் அமெரிக்காவிலிருந்து டெலிஷியஸ் ரகத்தைத் தருவித்து நட்டார். அந்த இனிப்பு ஒரு மாநிலத்தின் பொருளாதாரத்தையே மாற்றியது. ஒத்துழையாமை இயக்கத்தில் 1921இல் சிறை சென்றவர் அவர். பின்னர் சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

டெலிஷியசின் பிறப்பும் ஒரு கதை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹையட் என்பவரின் தோட்டத்தில் வரிசைக்கு வெளியே தானாக முளைத்த செடி அது. வேண்டாம் என்று வெட்டினார், மீண்டும் முளைத்தது. மறுபடி வெட்டினார், மறுபடி முளைத்தது. இவ்வளவு பிடிவாதம் இருந்தால் இருந்துவிட்டுப் போ என்று விட்டார் என்பார்கள். இமாசலத்தின் சிவந்த மலைச்சரிவுகள் அந்தப் பிடிவாதத்திலிருந்து வந்தவை.

இப்போது அந்தச் சரிவுகளிலும் கணக்கு மாறிவருகிறது. பனிக்காலம் இளகுவதால் குலுவின் தாழ்வான பகுதிகளில் ஆப்பிள் பின்வாங்கி மாதுளையும் காய்கறியும் இடம்பிடிக்கின்றன. ஒருகாலத்தில் ஆப்பிளுக்கு ஆகாத அளவு குளிர் என்று கருதப்பட்ட கின்னோரின் உயரங்களிலும் லாஹௌல்-ஸ்பிதியிலும் புதிய தோட்டங்கள் எழுகின்றன. ஒரே மாநிலத்தில் கீழே இருப்பவர் குளிர் குறைந்தாலும் காய்க்கும் ரகத்தைத் தேடுகிறார், மேலே இருப்பவர் குளிரில் சாகாத வேரைத் தேடுகிறார்.

கீழே இருந்து தேடியவர்களில் பிலாஸ்பூர் மாவட்டத்தின் ஹரிமன் சர்மா புகழ்பெற்றவர். வெப்பமான தாழ்மலையில், வீட்டருகே எறிந்த ஆப்பிள் விதையிலிருந்து முளைத்த செடியொன்று காய்த்தது. அதைப் பெருக்க முதலில் கைக்குக் கிடைத்த பிளம் செடியில் ஒட்டிப்பார்த்தார். பிறகு காட்டாப்பிள் வேருக்கு மாறினார். எச்.ஆர்.எம்.என். 99 என்று அறியப்படும் அந்த ரகம் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் போயிருக்கிறது. 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இஸ்ரேலின் அப்பா ஸ்டைன் உருவாக்கிய அன்னா, பஹாமாஸ் தீவில் தோன்றிய டோர்செட் கோல்டன் ஆகியவையும் சில நூறு குளிர் மணிகளே போதும் என்கிற ரகங்கள். சமவெளிக்கும் குறுமலைக்கும் கன்று விற்போரின் துண்டறிக்கைகளில் காணப்படும் பெயர்கள் பெரும்பாலும் இவைதாம். ஆகவே அந்தத் துண்டறிக்கையை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

*

ஜவ்வாது மலையை ஒத்த உயரத்தில் ஆப்பிள் வளர்த்த ஓர் ஊரும் உலகில் உண்டு. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், மலாங் நகருக்கு அருகே உள்ள பத்து, கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 முதல் 1,200 மீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி தெற்கே இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் வந்த ஆப்பிள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே பெருந்தொழிலானது. பனிக்காலம் இல்லாத ஊரில் எப்படி? அறுவடை முடிந்த சில வாரங்களில் மரத்தின் இலைகளை ஒவ்வொன்றாகக் கையால் உருவிவிடுகிறார்கள். இலையிழந்த மரம், மொட்டு ஆழ்ந்து உறங்குமுன்பே மீண்டும் பூக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மகசூல். மரத்தை உறங்கவே விடாமல் வைத்திருக்கும் தந்திரம் இது. இதற்கு ஆண்டு முழுவதும் கூலியும் மருந்தும் உரமும் கொட்டவேண்டும். மண் களைத்ததும் வெப்பம் ஏறியதும் செலவு மிகுந்ததும் சேர்ந்து அண்மைப் பத்தாண்டுகளில் அங்கே ஆப்பிள் சுருங்கி வருகிறது. எரிமலை மண்ணும் நல்ல மழையும் உள்ள ஊருக்கே இந்த நிலை. ஜவ்வாது மலையின் சித்திரை வெயிலை அதோடு ஒப்பிடவும் முடியாது.

பத்து ஊரில் பேர்போன ரகங்களுள் ஒன்று ரோம் பியூட்டி. நம் மலைகளுக்கெனப் பரிந்துரைக்கப்பட்ட ரகங்களிலும் அது இருக்கிறது. இத்தாலியின் ரோமுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1817இல் அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றங்கரையில் ஜோயல் கில்லட் என்பவர் வாங்கிய கன்றுகளில் ஒன்று சரியில்லை என்று கழிக்கப்பட்டது. அதை மகன் ஆற்றோரமாக நட்டான். ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து ஒரு கிளை எழுந்தது. முறைப்படி வெட்டியிருக்க வேண்டும், யாரும் வெட்டவில்லை. அந்தக் கிளைதான் சில ஆண்டுகளில் பளபளப்பான செம்பழம் காய்த்தது. அந்த வட்டாரத்தின் பெயரால் ரோம் பியூட்டி ஆயிற்று. ஆப்பிள் வரலாற்றில் பெயரற்ற வேர் தானே மேலெழுந்து தன் பழத்தைக் காட்டிய அரிதான தருணம் அது. எந்த விதையின் பிள்ளையோ, யார் ஊன்றியதோ, தெரியாது. கழிக்கப்பட்ட கன்றின் வேர் கடல்தாண்டி, பனிபெய்யாத நாடுகளுக்கும் வந்துவிட்டது.

*

இப்போது ஜமுனாமரத்தூர்ப் பெரியவருக்கான பதிலுக்கு வருவோம்.

ஐயா, குறைந்த குளிரில் காய்க்கும் ரகங்கள் உண்டு. வீட்டு முற்றத்தில் ஒரு மரம், இரண்டு மரம் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம். நாலு பழம் பறித்துத் தின்னலாம். நிலத்தை நம்பி, கடன் வாங்கிக் கன்று வாங்குவது வேறு கதை. அதற்குமுன் விற்பவரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். மேலே இருக்கும் ரகத்துக்கு எத்தனை மணி நேரக் குளிர் வேண்டும்? கீழே இருக்கும் வேர் எது, அது எந்த மண்ணையும் எந்தப் பூச்சியையும் தாங்கும்? இதே உயரத்தில், இதே வெயிலில், பத்தாண்டு நின்று காய்த்த தோட்டம் எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா? முதல் கேள்விக்கு விடை அச்சடித்து வைத்திருப்பார்கள். இரண்டாவதற்குத் தடுமாறுவார்கள். மூன்றாவது கேள்வியில் கடையைக் கட்டினால், காசு மிச்சம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. காவலூரின் வானியல் நிலையம் 1968இல் தொடங்கியபோது, அதைத் தேர்ந்த வைணு பாப்பு கொடைக்கானல் வானாய்வகத்தின் தலைவராக இருந்தார். குளிர்மலையின் மேகமும் மூடுபனியும் இரவு வானை மறைத்ததால்தான் அவர் இந்தத் தாழ்ந்த மலையைத் தேடி வந்தார். கொடைக்கானலுக்கு இல்லாத ஒன்று ஜவ்வாதுக்கு இருந்தது. மலைக்கு எது இல்லை என்று கேட்பவர்கள் மத்தியில், எது இருக்கிறது என்று கேட்டு வந்தவர் அவர்.

மலையாளிகள் என்று அழைக்கப்படும் இந்த மலைமக்கள் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். வந்தவர்கள் இந்த மலையில் எதை நட்டார்கள் என்று பார்த்தால், சாமை. புளி. பலா. இங்குள்ள பழைய பலா மரங்கள் ஒட்டு அறியாதவை, விதையிலிருந்து எழுந்தவை. பலாவும் ஆப்பிளைப் போலவே தாயைப் போலப் பிள்ளை தராது. ஆகவே ஒவ்வொரு மரமும் ஒரு தனி ரகம். தியன்ஷான் சாரலில் ஒவ்வொரு காட்டாப்பிளும் தனித்த சுவையோடு நின்றதைக் கண்டுதான் வவிலோவ் இதுவே தாயகம் என்றார். உலகின் தோட்டங்களுக்கு நோய் வரும்போதெல்லாம், குளிர் மாறும்போதெல்லாம் ஆய்வாளர்கள் அந்தக் காட்டுக்குத்தான் திரும்பிப்போகிறார்கள். 1989 தொடங்கி அமெரிக்கர்கள் அங்கிருந்து விதைகளைச் சேகரித்துச் சென்றனர். அந்தக் காடோ நகரம் பெருகப் பெருகச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

அன்று தேநீர் முடிந்ததும் அந்தப் பெரியவர் தம் நிலத்துக்கு அழைத்துப்போனார். சாமைக் கொல்லையின் வரப்பில் நான்கு பலா நின்றன. ஒன்றைக் காட்டி, "இது தேன். எங்க பாட்டன் வெச்சது" என்றார். இன்னொன்றைக் காட்டி, "இது கறிக்கு ஆவும், பழத்துக்கு ஆவாது." மூன்றாவது ஆடிக்குப் பிறகுதான் பழுக்குமாம். நான்காவது சந்தைக்கு. துண்டறிக்கை அவர் சட்டைப்பையில் மடிந்து கிடந்தது. நான்கு மரத்துக்கும் அச்சடித்த பெயர் இல்லை. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே மரம்.